டிரம்ஸ்: பெயர் தெரியவில்லை

பெர்லினில் அச்சடித்து
பகாவ் வரை வந்துவிட்டது பெட்டி.
இரண்டு குறுந்தட்டு, நாற்பது பக்கச் சிறுநூல்,
எண்பத்தொன்பது வெள்ளி, தபால் தனி.
பாதி டயர் விலைப்பா, என்றான் மகன்,
பஞ்சர் தொட்டியிலிருந்து கை எடுக்காமலே.

அட்டையில் சிங்கராயன்.
படத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்:
வலக்கை மேலே, இடக்கை கீழே,
சட்டைப்பை வலது மார்பில்.
அப்படி சாக்ஸ் வாசிக்க
கண்ணாடிக்குள் பிறந்திருக்க வேண்டும்.

கிராணி வேலைக்குப் படித்த இங்கிலீஷில்
விரல் வைத்து வாசித்தேன்.
மலாயாவின் முதல் ஜாஸ்காரர்,
கிடைத்த ஒலிநாடா அத்தனையும் முதல்முறையாக.
பியானோ: மலாக்கா பெரேரா.
பாஸ்: இயோ சின் ஹோக்.
டிரம்ஸ்: பெயர் தெரியவில்லை.

பதினோராவது உருப்படி.
கோலப்பிலா கிளப், அறுபத்தொன்று, மழை.
அதற்கு மட்டும் மூன்று பக்கம்:
‘ஆறாவது சுற்றில் டிரம்ஸ் சட்டென விலகுகிறது.
ஒற்றைச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு
தனியே நிற்கிறார் சிங்கராயன்.
காலத்தை முந்திய துணிவு.’

துணிவாம்.
நடந்தது சோப்பு.

அதுவரை நான் கை கழுவி வாசித்ததில்லை.
ஸ்டோரில் பால் நிறுத்து, கணக்கு எழுதி,
சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு லோரி ஏறுவேன்.
உள்ளங்கையில் காய்ந்த பால்
குச்சியைப் போகவிடாது,
போ என்றாலும் விடாது.
அன்று கிளப் பட்லர் வாசலில் மறித்தான்.
பேண்டுக்காரங்க கையக் கழுவிட்டு வாங்க,
துரைசானிகளுக்கு அமோனியா நாறுது.
ரோஜாப்பூ வாசனை, உள்ளங்கை அளவுக் கட்டி.
தேய்க்கத் தேய்க்கத் தோல் தோலாய் உரிந்தது,
இரண்டு வருஷத்துப் பிடி.

ஆறாவது சுற்றில் வலக்குச்சி பறந்தது.
மாற்றுக் குச்சி வாங்க அந்த மாதம் காசில்லை.
இடக்கை இருந்ததே, கால் இருந்ததே என்று
அறுபது வருஷம் கழித்துத்தான் தோன்றுகிறது.
அன்று தோன்றியது ஒன்றுதான்: குச்சி.
பியானோவுக்கு அடியில் மண்டியிட்டேன்.
பெரேராவின் சப்பாத்து என் விரலில் ஏறி இறங்கியது.
தூசி, பாட்டில் மூடி, யாருடைய காதணியோ ஒன்று.

மேலே அந்தச் சுரம்.
மெலிந்தது, ஆடியது,
கூரை மழையில் கொஞ்சம் முங்கியது,
அறுந்துபோகவில்லை.
பின்னால் வருகிறவனுக்காக
ஒருவர் கதவைத் தோளால் தாங்கிக்கொண்டு
நிற்பதுபோல.

காது கொடுத்தால் நடுவில் ஒரு ‘தொக்’ கேட்கும்.
நிமிரும்போது என் தலை இடித்தது.
அதையும் எழுதியிருக்கிறார் அந்த மனிதர்:
‘தூரத்து இடி.’

திரும்பும் லோரியில்
சிங்கராயன் கேட்டது இவ்வளவுதான்.
குச்சி கெடச்சுதா?
கெடச்சுதுண்ணே.
அவருக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.
சட்டைப்பையில், இடது மார்பில்,
காகிதத்தில் சுற்றிய கறிபாப் இருந்தது.
பாதி பிட்டுக் கொடுத்தார்.

நேற்று எழுத உட்கார்ந்தேன்.
ஐயா, டிரம்ஸ் பலவேசம், பகாவ்.
அடுத்த வரியில் சோப்பு வரவேண்டும்.
சோப்பு வந்தால் மூன்று பக்கமும் வழுக்கும்.
பேனாவை மூடினேன்.
காலையில் பார்த்தால் அந்தத் தாளின் பின்புறம்
மகனின் எழுத்தில் யாருடைய டயர்க் கடனோ.

இப்போது கடையில் ஓடுகிறது பதினோராவது.
செம்பனைக் குலை ஏற்றிய லோரி
முன்சக்கரம் கழன்று ஜாக்கியில் நிற்கிறது.
டிரைவர் கோப்பியை ஊதுவதை நிறுத்திவிட்டு
ஸ்பீக்கரைப் பார்க்கிறான்.

என்ன தாத்தா, சிடி சிக்கிக்கிச்சா?

இல்ல தம்பி.
தேடிக்கிட்டிருக்கேன்.